அவள் லூயிஸ் மிஷேல் அல்ல

அன்புள்ள அக்கா,

ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் மியாசாகியின் ‘போர்க்கோ ரோஸ்ஸோ’ படத்தில் ஜீனா பாடும் பிரெஞ்சுப் பாடலைக் கேட்டதிலிருந்து அதுவே காதில் ஓடிக்கொண்டிருக்கிறது. ‘லெ தான் தெ செரீஸ்’, செர்ரிப் பழங்களின் காலம். தேடிப் படித்தேன். 1871இல் பாரிஸ் மக்கள் அமைத்த புரட்சி அரசான பாரிஸ் கம்யூன் வீழ்ந்ததைப் பற்றிய புரட்சிப் பாடல் என்றும், கம்யூனின் வீராங்கனை லூயிஸ் மிஷேலுக்குக் காணிக்கையாக்கப்பட்டது என்றும் அறிந்தேன். செர்ரி என்பது சிந்திய ரத்தத்தின் குறியீடு, நைட்டிங்கேல் பாட்டாளியின் குறியீடு, கேலி பேசும் கரும்பறவை ஆளும் வர்க்கத்தின் குறியீடு என்று ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். அரசியலை இப்படி மறைத்துச் சொல்வதுதானே நேரடியாகச் சொல்வதைவிட உயர்ந்த கலை? நானும் அப்படிக் கவிதை எழுத முயல்கிறேன். இதை முழுதாகப் புரிந்துகொள்ள பிரெஞ்சு படித்தே ஆக வேண்டுமா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

இந்த மே மாதம் முழுக்க நானும் அந்தப் பாட்டோடுதான் இருந்தேன். அதனால்தான் மற்ற கடிதங்களைத் தள்ளிவைத்துவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன். ஒரு படத்தில் கேட்ட பாட்டைப் பிடித்துக்கொண்டு நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய தெருச்சண்டைவரை போயிருக்கிறீர்கள். எனக்கு அது சந்தோஷம். ஆனால் பாதி வழியிலேயே நின்றுவிட்டீர்கள் தம்பி. வருடத்தைக்கூடப் பார்க்கவில்லை.

ழான்-பாப்திஸ்த் கிளெமான் இந்த வரிகளை எழுதியது 1866இல். அந்துவான் ரெனார் என்ற பாடகர் மெட்டமைத்தது 1868இல். கம்யூன் தொடங்கியது 1871 மார்ச் 18 அன்று. ஐந்து வருடம் கழித்துச் சிந்தப்போகும் ரத்தத்தை ஒரு மனிதன் எப்படி முன்கூட்டியே ஒளித்துவைக்க முடியும்? அது காதல் பாட்டு. காதலர்கள் கனவோடு போய் ஜோடி ஜோடியாகத் தொங்கும் செர்ரிகளைக் காதணிபோலப் பறிக்கிறார்கள். அந்தக் காலம் மிகக் குறுகியது. பழங்கள் இலைகளுக்கடியில் ரத்தத் துளிகளாக உதிர்கின்றன. காதல் துயரத்துக்கு அஞ்சுகிறவர்கள் அழகிகளை விட்டு விலகியே இருங்கள் என்கிறான் பாடுகிறவன். ஆனால் தன் நெஞ்சில் ஆறாத காயத்தை விட்டுப்போன அந்தக் காலத்தைத்தான் என்றைக்கும் நேசிப்பேன் என்று முடிக்கிறான். இதில் பாட்டாளி எங்கே வந்தார்? நைட்டிங்கேலை நைட்டிங்கேலாக இருக்க விடுங்கள். கவிதை கையில் கிடைத்ததும் இது இதற்குக் குறியீடு, அது அதற்குக் குறியீடு என்று விடைத்தாள் திருத்த உட்கார்ந்துவிடுகிறீர்கள் உங்கள் தலைமுறையில் பலர். அப்படி வாசித்தால் பாட்டு உங்களைத் தொடவே தொடாது.

பிறகு எப்படி அது கம்யூனின் பாட்டாயிற்று என்றால், தோற்றவர்களால் ஆயிற்று. 72 நாள் நின்ற கம்யூனை வெர்சாய் நகரிலிருந்து இயங்கிய பிரெஞ்சு அரசின் படை மே 21 முதல் 28 வரை தெருத்தெருவாக அழித்தது. ஆயிரக்கணக்கானவர்களைச் சுட்டுக்கொன்றார்கள். கடைசி நாளில் பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தின் மதிலோரம் 147 பேரை நிறுத்திச் சுட்டார்கள். பாரிஸுக்குச் செர்ரி வரத் தொடங்கும் பருவம் அது. தப்பியவர்கள் சிறையிலும் நாடுகடத்தலிலும் கிடந்து, 1880இல் பொதுமன்னிப்பு வந்தபின் ஊர் திரும்பினார்கள். குறுகிய வசந்தம், உதிரும் ரத்தத் துளி, ஆறாத காயம் என்று ஏற்கெனவே தெரிந்த பாட்டு ஒன்று அவர்களுக்காகக் காத்திருந்ததுபோல் இருந்தது. எடுத்துக்கொண்டார்கள்.

மறைத்துச் சொல்வது உயர்ந்ததா என்ற கேள்விக்கு கிளெமானே பதில். பாரிஸின் மோன்மார்த் பகுதியிலிருந்து கம்யூனுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர். வீழ்ச்சிக்குப் பிறகு ஒளிந்திருந்த நாட்களில் ‘ரத்த வாரம்’ என்று ஒரு பாட்டு எழுதினார். அதில் எதையும் மறைக்கவில்லை, நெருப்பாகக் கொட்டியிருக்கிறார். சொல்ல நினைத்ததைச் சொன்னார், அவ்வளவுதான். பிரெஞ்சு படிப்பது உங்கள் விருப்பம். படித்தால் நல்லது.

எனக்குப் பொறுக்காதது லூயிஸ் விஷயம். அதை இங்கே தீர்த்துவிட்டுத்தான் மறுவேலை.

1885இல் தன் பாடல்களைத் தொகுத்தபோது, இந்தப் பாட்டைக் கிளெமான் இப்படிக் காணிக்கையாக்கினார்: ‘1871 மே 28 ஞாயிறன்று ஃபோந்தேன்-ஓ-ருவா வீதியில் காயம்பட்டோருக்குப் பணிசெய்த தீரமிக்க குடிமகள் லூயிஸுக்கு.’ அங்கேயே ஒரு குறிப்பும் எழுதினார். சண்டையின் கடைசி நாள். அந்த வீதித் தடுப்பரணில் இருபது பேர் அளவில் மிஞ்சியிருந்தார்கள். பதினொரு மணிக்கும் நண்பகலுக்கும் இடையே, இருபது இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி கையில் கூடையோடு வருகிறாள். எங்கிருந்து வருகிறாய், ஏன் இப்படி உயிரைப் பணயம் வைக்கிறாய் என்று கேட்கிறார்கள். சேன்-மோர் வீதி அரண் பிடிபட்டுவிட்டது, இங்கே என் உதவி தேவைப்படுமா என்று பார்க்க வந்தேன் என்கிறாள், சாதாரணமாக. போய்விடு என்று எவ்வளவோ சொல்லியும் போகவில்லை. பெயர் லூயிஸ், ஒரு தொழிலாளி. அவளைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

புதுச்சேரியில் எங்கள் எதிர்வீட்டில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்குகிறவர்களை அங்கே சொல்தா என்றுதான் சொல்வோம். இந்தோசீனாவில் சண்டை பார்த்தவர். பாட்டி இறந்தபிறகு சாயங்காலங்களில் திண்ணையில் உட்கார்ந்து இதைப் பாடுவார். சுருதி சேராது, ஒரு சொல் விடமாட்டார். கம்யூன் என்ற பேச்சையே அவர் கேட்டதில்லை. ஒருநாள் என் பெரியப்பா மகன், கட்சியில் இருந்தவர், தாத்தாவுக்குப் பாட்டின் உண்மையான அர்த்தத்தைச் சொல்கிறேன் என்று உட்கார்ந்தார். அரண், கூடை, லூயிஸ் எல்லாம் சொன்னார். தாத்தா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அந்தப் பொண்ணு பொழச்சுதாப்பா?” என்றார். “அதா தாத்தா முக்கியம்?” என்றார் அண்ணன். அன்றைக்கு அண்ணன்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. உங்கள் கடிதம் அதைக் கிளறிவிட்டது.

கிளெமானின் குறிப்பு போய் நிற்பதும் அந்தக் கேள்வியில்தான். அவள் என்ன ஆனாள், மற்ற எத்தனையோ பேரைப் போல அவளையும் வெர்சாய்க்காரர்கள் சுட்டுவிட்டார்களா என்று கேட்கிறார். இந்தத் தொகுப்பிலேயே மிகப் பிரபலமான பாட்டை, யாரும் அறியாத இந்த வீராங்கனைக்குத்தானே நான் தர வேண்டும் என்கிறார். பாட்டு தெருத்தெருவாக ஓடியது, அவளும் பெரும் துணிச்சல் வேண்டியிருந்த காலத்தில் தெருத்தெருவாக ஓடினாள். அவர் சொல்லும் காரணம் இதுதான். கம்யூனை நினைத்து எழுதினேன் என்று அவர் சொல்லிக்கொள்ளவே இல்லை.

லூயிஸ் மிஷேலுக்கு அப்போது நாற்பது வயது. மோன்மார்த்தில் பள்ளி ஆசிரியை, கிளெமானுக்கு நன்றாகத் தெரிந்தவர். அவர்தான் என்றால் பெயரை முழுதாகவே எழுதியிருப்பார். அதைவிட, மே 28 அன்று மிஷேல் அங்கே இருந்திருக்கவே முடியாது. தன் தாயை விடுவிக்கச் சரணடைந்து, ஏற்கெனவே கைதியாக இருந்தார். இதெல்லாம் போதாதென்றால் 1898இல் அவரே வெளியிட்ட கம்யூன் வரலாறு இருக்கிறது. கடைசி அரணுக்கு வந்த அந்த இளம்பெண்ணைப் பற்றி அதில் எழுதுகிறார். கிளெமான் செர்ரிப் பாட்டைக் காணிக்கையாக்கியது அவளுக்கு என்றும் எழுதுகிறார். மிஷேலே கைநீட்டி அவளைக் காட்டுகிறார், நாம் பார்க்க மறுக்கிறோம்! புகழ்பெற்ற பெயர் ஒன்று பக்கத்தில் இருந்தால் போதும், பெயர் தெரியாத தொழிலாளியிடம் இருப்பதைப் பிடுங்கி அங்கே சேர்த்துவிடுகிறோம். அவளுக்கென்று உலகத்தில் இருப்பது இந்த ஒரு பாட்டு. கட்டுரை எழுதுகிறவர் அதையும் பறிக்கலாமா?

பிரான்ஸின் முன்னாள் ஜனாதிபதி மித்தரான் மறைந்தபோது, 1996 ஜனவரியில், பாரிஸின் பஸ்தீய் சதுக்கத்தில் ஓபரா பாடகி பார்பரா ஹெண்ட்ரிக்ஸ் இந்தப் பாட்டைத்தான் பாடினார். ஜனாதிபதிக்கும் பாடட்டும், ஜீனாவும் பாடட்டும், சொல்தா தாத்தாவும் பாடட்டும். காணிக்கை மட்டும் அவளுடையது.

பறவைப் பட்டியலை நீக்குங்கள். லூயிஸ் மிஷேல் பெயரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தொழிலாளிப் பெண், இருபது இருபத்திரண்டு வயது, கையில் கூடை என்று எழுதுங்கள். திருத்தியதும் கட்டுரையை எனக்கு அனுப்புங்கள், முழுதாகப் படித்துப் பதில் போடுகிறேன். கவிதைகளையும் சேர்த்தே அனுப்பலாம்.

அன்புடன்,
அக்கா