கிராபிக்ஸ் படிக்க கேமிங் லேப்டாப் வேண்டுமா?

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஐடி டிப்ளோமா படித்து, தேசிய சேவையும் முடித்துவிட்டு இப்போது பல்கலைக்கழகத்தில் கணினியியல் படிக்கிறேன். ஆகஸ்டில் தொடங்கும் பருவத்தில் கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் பாடம் எடுக்கலாம் என்றிருக்கிறேன். கணக்கு பாதி மறந்துவிட்டது. வரையவும் வராது. சீனியர்களில் சிலர் முதலில் பிளெண்டர், யூனிட்டி போன்ற முப்பரிமாண, கேம் மென்பொருள்களைக் கற்றுக்கொள் என்கிறார்கள். சிலர் நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப் வாங்கு என்கிறார்கள். என்னிடம் இருப்பது சாதாரண மேக்புக். அப்பா வேறு, "ஸ்டார் வார்ஸ் எடுத்த லூகாஸ்ஃபிலிமே சிங்கப்பூரில் கடையை மூடிவிட்டது, இதைப் படித்து என்ன வேலை?" என்கிறார். கையில் மூன்று மாதம் இருக்கிறது. எதில் தொடங்குவது, அண்ணா?
- உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: தம்பி, லேப்டாப் வாங்க வேண்டாம். காசு போகிற விஷயம் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அறிமுகப் பாடத்தில் நீங்கள் திரையில் காட்டப்போவது அதிகம் போனால் சில ஆயிரம் முக்கோணங்கள். அதற்கு உங்கள் மேக்புக்கில் உள்ள கிராபிக்ஸ் தாராளம். இந்தப் பாடத்தில் படம் வரையப் பயன்படுத்தும் நிரல் நூலகத்தின் பெயர் ஓப்பன்ஜிஎல். ஆப்பிள் 2018-லேயே அதைக் கைவிடுவதாக அறிவித்து, 4.1 பதிப்போடு நிறுத்திக்கொண்டது. அதனால் நிரலைத் தொகுக்கும்போது எச்சரிக்கைகள் வரிசையாக வந்து விழும். பயப்பட வேண்டாம், நிரல் ஓடும். இணையத்தில் உள்ள நல்ல தொடக்கப் பயிற்சிகள் பெரும்பாலும் 3.3 பதிப்புக்கு எழுதப்பட்டவை, அதற்கு 4.1 போதும்.

வரைய வராதது ஒரு குறையே இல்லை. பிளெண்டரில் ஒரு விளக்கை வைத்தால் நிழல் தானாக விழுகிறது. அந்த நிழல் எந்தெந்தப் பிக்சலில் விழ வேண்டும் என்று முடிவு செய்யும் நிரலை எழுதுவதுதான் உங்கள் பாடம். சீனியர்கள் சொல்லும் மென்பொருள்களில் மூன்று மாதம் செலவழித்தால் அழகான காட்சிகள் செய்யக் கற்றுக்கொள்வீர்கள். தேர்வில் கேட்பதில் ஒன்றுகூட அதில் இருக்காது. யூனிட்டியை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். பிளெண்டருக்கு ஒரு சின்ன வேலை இருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

சரி, கணக்கு. உங்கள் பயமெல்லாம் அதில்தான் என்று தெரிகிறது. வேண்டியது குறைவு, ஆனால் அந்தக் குறைவு தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். வெக்டர்கள், அவற்றின் புள்ளிப் பெருக்கல், குறுக்குப் பெருக்கல், அணிப் (மேட்ரிக்ஸ்) பெருக்கல், சைன், கொசைன் ஆகியவைதான் அது. தொடக்கக்கல்லூரியில் எச்2 கணிதம் படித்துவிட்டு வந்தவர்கள் வெக்டரில் உங்களைவிட முன்னே இருப்பார்கள். ஆனால் அணிகள் எச்2 பாடத்திட்டத்தில் இல்லை, ஃபர்தர் மேத்ஸ் எனும் மேல்நிலைக் கணிதம் எடுத்தவர்களுக்குத்தான். ஆகவே எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் நிற்கிறீர்கள். தேசியப் பல்கலைக்கழக மாணவராக இருந்து எம்ஏ1522 நேரியல் இயற்கணிதம் முடித்திருந்தால், அந்தக் குறிப்புகளின் முதல் பாதியைத் தூசி தட்டினாலே போதும்.

ஒரு தாளை எடுங்கள். (1, 0) என்ற புள்ளியை ஆதிப்புள்ளியை, அதாவது (0, 0)-ஐச் சுற்றி இடஞ்சுழியாக 90 பாகை சுழற்றுங்கள்: (0, 1). பிறகு வலப்பக்கம் 5 நகர்த்துங்கள்: (5, 1). இப்போது வரிசையை மாற்றுங்கள். முதலில் 5 நகர்த்தினால் (6, 0). பிறகு சுழற்றினால் (0, 6). அதே இரண்டு செயல்கள், புள்ளி போய்ச் சேர்ந்த இடம் வேறு. பருவம் முழுக்க மாணவர்கள் மாட்டிக்கொள்ளும் பிழைகளில் பாதி இதுதான். பூமி சூரியனைச் சுற்றுவதற்குப் பதிலாகத் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு நிற்கும், ஏன் என்று புரியாது. அணிகளை நாம் எழுதுவது இடமிருந்து வலம். ஆனால் வழக்கமான முறையில் புள்ளிக்குப் பக்கத்தில், வலக்கோடியில் இருப்பதுதான் முதலில் வேலை செய்யும். இதைப் பத்துப் புள்ளிகளுக்குக் கையால் போட்டுப் பார்த்தவர்களுக்கு அப்புறம் குழப்பம் வருவதில்லை.

அடுத்த கேள்வி, முப்பரிமாணப் புள்ளிக்கு ஏன் 4×4 அணி? பலர் மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுகிறார்கள். 3×3 அணி எதனோடு பெருக்கினாலும் ஆதிப்புள்ளியை ஆதிப்புள்ளியிலேயே வைக்கும். பூச்சியங்களை எதனால் பெருக்கினாலும் பூச்சியம்தானே. ஆக, நகர்த்துவது என்ற செயலை 3×3-இல் எழுதவே முடியாது. புள்ளியின் மூன்று எண்களோடு நான்காவதாக ஒரு 1-ஐ ஒட்டிக்கொண்டால் முடியும். ஒரு திசைக்கு அந்த இடத்தில் 0 போடுவோம், ஏனென்றால் திசையை நகர்த்துவதில் பொருளில்லை.

அந்த நான்காவது எண்ணுக்கு இன்னொரு வேலையும் உண்டு. உங்கள் வீவக அடுக்குமாடி புளோக்கில் பொது நடைவழியின் ஒரு முனையில் நின்று பாருங்கள். எல்லாக் கதவும் 2 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். 4 மீட்டர் தள்ளி இருக்கும் கதவுக்கு 2-ஐ 4-ஆல் வகுத்தால் 0.5. 8 மீட்டரில் 0.25. 20 மீட்டரில் 0.1. கண்ணுக்குத் தெரியும் உயரமும் இதே விகிதத்தில்தான் சுருங்குகிறது. தொலைவுத் தோற்றம் என்பது அவ்வளவுதான், தூரத்தால் வகுப்பது. ஆனால் அணிப் பெருக்கலில் பெருக்கலாம், கூட்டலாம். ஒரு புள்ளியை அதன் தூரத்தால் வகுக்க முடியாது. அதனால் தூரத்தை நான்காவது இடத்தில் போட்டு வைத்துவிட்டு, பெருக்கல் எல்லாம் முடிந்த பிறகு மற்ற மூன்றையும் அதனால் வகுக்கிறார்கள். இது பிடிபட்டுவிட்டால் பாடப்புத்தகத்தில் அரைப்பக்கம் நீளும் அந்தப் பயங்கரமான அணி பயங்கரமாகத் தெரியாது.

இனி நிரலுக்கு வருவோம். ஓப்பன்ஜிஎல்லைத் தொடுவதற்கு முன் எந்த நூலகமும் இல்லாமல் ஒரு படத்தை நீங்களே உருவாக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். எல்லாப் பேராசிரியர்களும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், நேர விரயம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிபிஎம் என்று ஒரு பழைய கோப்பு வடிவம் உண்டு. முதல் வரியில் பி3 என்று ஆங்கிலத்தில் எழுதி, அகலம், உயரம், 255 என்று கொடுத்துவிட்டு, ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்களை வரிசையாக எழுதினால் படம் தயார். கிம்ப் போன்ற இலவச மென்பொருளில் திறக்கும். 256-க்கு 256 படம் என்றால் 65,536 பிக்சல்கள், அதாவது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு லூப். உங்கள் டிப்ளோமாவின் முதல் பருவத்திலேயே எழுதியிருப்பீர்கள்.

அதில் ஒரு முக்கோணத்தை நிரப்புங்கள். அ (0, 0), ஆ (4, 0), இ (0, 4) என்று மூன்று மூலைகள். (1, 1) என்ற புள்ளி உள்ளே இருக்கிறதா? ஒவ்வொரு பக்கத்துக்கும், அந்தப் பக்கத்தின் வெக்டரையும் அதன் தொடக்க மூலையிலிருந்து புள்ளிக்குப் போகும் வெக்டரையும் குறுக்குப் பெருக்கல் செய்யுங்கள். அஆ பக்கத்துக்கு 4, ஆஇ-க்கு 8, இஅ-வுக்கு 4. மூன்றும் நேர்க்குறி, ஆகவே புள்ளி உள்ளே. இதோடு நிற்கவில்லை. மூன்றையும் கூட்டினால் 16, அது முக்கோணப் பரப்பின் இரு மடங்கு. ஒவ்வொன்றையும் 16-ஆல் வகுத்தால் எதிர்மூலையின் பங்கு கிடைக்கிறது: அ-வுக்கு அரை, ஆ-வுக்குக் கால், இ-க்குக் கால். மூலைகளுக்கு மூன்று நிறம் கொடுத்து இந்தப் பங்கில் கலந்தால் முக்கோணத்துக்குள் நிறம் வழுக்கிக்கொண்டு போகும். கிராபிக்ஸ் கார்டு உள்ளே செய்வதும் அடிப்படையில் இந்தக் கணக்கைத்தான், ஒரே நேரத்தில் ஏராளமான பிக்சல்களுக்கு.

அப்புறம் இரண்டாவது முக்கோணம். எது முன்னால்? ஒவ்வொரு பிக்சலுக்கும் இதுவரை கண்ட மிக அருகிலான தூரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வருவது அதைவிட அருகில் இருந்தால் மட்டும் நிறத்தை மாற்றுங்கள். இதற்குப் பெயர் இசட்-பஃபர். பின்னாளில் பிக்சாரை நிறுவியவர்களில் ஒருவரான எட்வின் கேட்மல் 1974-இல் யூட்டா பல்கலைக்கழக முனைவர் ஆய்வேட்டில் விவரித்தது. அதே பல்கலைக்கழகத்தில் அதற்கு முந்தைய ஆண்டு ஆய்வேடு முடித்த வியட்நாமியர் புய் துவாங் ஃபோங் தந்த ஒளிக் கணக்கைத்தான் உங்களுக்கும் சொல்லித் தருவார்கள். அரை நூற்றாண்டாகியும் மாறாத சரக்கு இது. யூனிட்டியின் மெனுக்களோ பதிப்புக்குப் பதிப்பு இடம் மாறுகின்றன. எதில் நேரம் போடுவது என்பதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

முதல் ஒன்றரை மாதத்தைத் தாளுக்கும் இந்தச் சின்ன நிரலுக்கும் கொடுங்கள். மீதியை ஓப்பன்ஜிஎல்லுக்கு. அங்கே உங்களுக்காகக் காத்திருப்பது கறுப்புத் திரை. நிரல் பிழையின்றி ஓடும், திரையில் ஒன்றுமே இருக்காது. அப்போது முதலில் பின்னணி நிறத்தைச் சாம்பலாக மாற்றுங்கள். ஒளிக் கணக்கு தவறிக் கறுப்பாகிப்போன பொருள், கறுப்புப் பின்னணியில் எப்படித் தெரியும்? அது தெரிந்துவிட்டால் பிழை ஒளியில், தெரியாவிட்டால் பிழை இடத்தில். இந்த ஒரு மாற்றத்திலேயே தேடல் பாதியாகிவிடும். இடத்தில் பிழை என்றால் எல்லா அணிகளையும் எதையும் மாற்றாத அலகு அணியாக்கி, ஒரே ஒரு முக்கோணத்தை மட்டும் வரையுங்கள். ஒளியில் என்றால் மேற்பரப்புச் செங்குத்து வெக்டரையே நிறமாகக் காட்டுங்கள், கோணல் கண்ணுக்கே தெரிந்துவிடும். கிராபிக்ஸ் கார்டில் ஓடும் சிறு நிரலான ஷேடர் சரியாகத் தொகுக்கப்பட்டதா என்று கேட்டுச் சரிபார்க்கும் இரண்டு வரியை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். கேட்காவிட்டால் அது தானாகச் சொல்லாது.

இரண்டு பரப்புகள் ஒட்டியிருக்கும் இடத்தில் படம் மினுக்கினால், கேமராவின் அருகு எல்லையை (அதைவிட அருகில் உள்ளவை வரையப்படாது) மிகச் சிறிதாக வைத்திருக்கிறீர்கள் என்று சந்தேகப்படுங்கள். அதை 0.001 என்றும் தொலைவு எல்லையை 1000 என்றும் வைத்தால், இசட்-பஃபரின் எண் வீச்சில் பாதி 0.002 தூரத்துக்குள்ளேயே தீர்ந்துவிடும். மீதி உலகம் முழுவதும் மற்றப் பாதியில் நெருக்கியடித்துக்கொள்ள வேண்டும். 0.1 என்று மாற்றிப் பாருங்கள்.

சாட்ஜிபிடியிடம் நிரலை எழுதி வாங்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பவர்கள் அதிகம். எழுதித் தரும். கறுப்புத் திரை வரும்போது, அதைப் படம்பிடித்து அனுப்பினாலும் அதற்குத் தெரிவது வெறும் கறுப்புதான். நீங்கள் விவரிக்க வேண்டும். விவரிக்க மேலே சொன்னதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். புரியாத வரியை விளக்கச் சொல்லிக் கேட்பதற்கு அது நல்ல துணை.

அப்பாவின் கேள்வி நியாயமானதுதான். லூகாஸ்ஃபிலிம் 2023-இல் இங்குள்ள ஸ்டூடியோவை மூடுவதாக அறிவித்தது உண்மை. ஆனால் இந்தப் பாடம் சினிமாவுக்கு மட்டும் ஆள் எடுக்கும் பாடமல்ல. நகரத்தையே முப்பரிமாணத்தில் அமைத்த விர்ச்சுவல் சிங்கப்பூர் திட்டம், மருத்துவப் படிமங்கள், ரோபோக்களின் பார்வை, விமானி பயிற்சிக் கருவிகள் என்று இதே அணிக் கணக்கு ஓடும் இடங்கள் பல. கிராபிக்ஸ் வேலை என்று பெயர்ப்பலகை மாட்டிய வேலைகள் இங்கே குறைவுதான், அதை மறைக்க மாட்டேன். விருப்பப் பாடமாக ஒன்றை எடுப்பதற்கு அது தடையாகத் தெரியவில்லை.

பிளெண்டர் விஷயம்: அதில் ஒரு கனசதுரத்தையும் அதிலேயே தயாராக உள்ள குரங்குத் தலையையும் ஓபிஜே கோப்பாக ஏற்றுமதி செய்யத் தெரிந்தால் போதும், பத்து நிமிட வேலை. அந்தக் கோப்பைச் சாதாரண உரைத் திருத்தியில் திறந்து பாருங்கள், மூலைகளும் முக எண்களும் வரிவரியாக இருக்கும். அதைப் படித்து உங்கள் முக்கோண நிரலுக்குக் கொடுங்கள். ஏற்றுமதியில் முகங்களை முக்கோணமாக்கும் தேர்வை மட்டும் குறிக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் நாற்கோணங்கள் வந்து நிரல் தடுமாறும்.

வகுப்பு தொடங்கியதும் முதல் வாரமே விரிவுரையாளரிடம் இரண்டு விஷயம் கேட்டுவிடுங்கள்: ஓப்பன்ஜிஎல்லின் எந்தப் பதிப்பு, ஒப்படைப்புகளை எந்தக் கணினியில் ஓட்டிப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். சில இடங்களில் எளிமைக்காகப் பழைய பாணியிலேயே தொடங்குவார்கள். அப்படியானால் நீங்கள் படித்த 3.3-ஐப் பிடித்துக்கொண்டு வாதாடாமல் அவர்கள் வழியிலேயே போங்கள். மதிப்பெண் போடுவது விண்டோஸ் கணினியில் என்றால், ஒவ்வொரு ஒப்படைப்பையும் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே ஆய்வகக் கணினியில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.