கொழுந்துக் கணக்குக்கு ஏற்ற பெர்ள் சேர்வர்

கேள்வி: சிறு தேயிலைத் தோட்ட உடைமையாளர்களிடம் நாங்கள் வாங்கும் கொழுந்தின் நிறையைப் பதிவதற்கு, பெர்ள் மொழியில் எழுதிய பழைய சிஜிஐ மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். மாத முடிவில் பலர் ஒரே நேரத்தில் கணக்குப் பார்க்கும்போது அது திணறுகிறது. வேறு மொழியில் புதிதாக எழுதச் சொல்கிறார்கள். எங்கள் சேர்வரின் நினைவகம் 2 ஜிபி மட்டுமே. என்ன செய்யலாம்?
- வாசகி ஒருவர், அட்டன்

பதில்: புதிதாக எழுத வேண்டாம். பல வருடங்களாகச் சரியான கணக்குக் காட்டிவரும் மென்பொருளை, மெதுவாக ஓடுகிறது என்பதற்காகக் கைவிடுவதை நான் ஏற்கமாட்டேன். தாமதத்துக்குக் காரணம் பெர்ள் அன்று, வலைச் சேர்வர் வெளி நிரலொன்றை ஓட்டி விடை பெறும் சிஜிஐ முறைதான். அதில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் பெர்ள் புதிதாகத் தொடங்கி, நிரல் முழுவதையும் மீண்டும் வாசித்து, தரவுத்தளத்தோடு மறுபடியும் இணைந்து, விடை தந்ததும் முடிந்துவிடுகிறது.

நிரல் நினைவகத்திலேயே தங்கியிருந்தால் இந்தச் சுமை நீங்கும். அப்பாச்சி என்ற வலைச் சேர்வருக்குள்ளேயே பெர்ளை ஓட்டும் மொட்பெர்ள் அதைச் செய்யும் என்றாலும், நிரலை அப்பாச்சியோடு இறுகப் பிணைத்துவிடும். ஆகையால் பெர்ள் நிரலாளர் மியாகவா 2009இல் உருவாக்கிய, பெர்ள் நிரலையும் வலைச் சேர்வரையும் இணைக்கும் பிஎஸ்ஜிஐ இடைமுகத்தையும் அதற்கான பிளாக் கருவிகளையும் கொண்டு, பழைய சிஜிஐ நிரலைப் பெரிதாக மாற்றாமல், நிரலை நினைவகத்திலேயே வைத்திருக்கும் ஸ்டார்மன் சேர்வரில் ஓட்டுவதையே பரிந்துரைக்கிறேன். பெர்ளோடு சேர்ந்தே வந்த சிஜிஐ தொகுதி, 2015இல் வெளியான 5.22 பதிப்பிலிருந்து நீக்கப்பட்டுவிட்டதால், அதைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும்.

ஸ்டார்மனுக்கு முன்னால், கோரிக்கைகளை வாங்கி அதற்கு அனுப்பும் என்ஜின்எக்ஸ் வலைச் சேர்வரை வையுங்கள். தோட்டப்புறங்களில் சிக்னல் மங்கலாக உள்ள கைபேசி ஒரு பக்கத்தை மெல்ல மெல்ல இறக்கிக்கொண்டிருக்கும்போது, விடையை என்ஜின்எக்ஸ் வாங்கி வைத்துக்கொண்டு, ஸ்டார்மனின் பணிச்செயலியை (கோரிக்கைகளுக்கு விடை தரும் நிரல் பிரதியை) அடுத்தவருக்காக விடுவித்துவிடும். மலையகத்தில் இது மிகவும் பயன்படும்.

ஒரு விடயத்தில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். சிஜிஐயில் நிரல் ஒவ்வொரு முறையும் முடிந்துபோவதால், பொதுமாறிகளில் (நிரல் முழுவதற்கும் பொதுவான மதிப்புப் பெட்டிகளில்) எஞ்சிய மதிப்புகளும் அதோடு அழிந்தன. இனி அவை அழியமாட்டா. முதலில் பார்த்தவரின் கொழுந்து நிறை அடுத்தவரின் கணக்கில் தோன்றக்கூடும் என்பதால், அது ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தைப் பற்றிய பிழையாகிவிடும். எல்லா மாறிகளையும் கோரிக்கையின் தொடக்கத்திலேயே வெறுமையாக்குங்கள். சோதிக்கும்போது ஒரே ஒரு பணிச்செயலியை ஓடவிட்டு, இருவரின் கணக்குகளை மாறி மாறித் திறந்து பாருங்கள். பல செயலிகள் ஓடினால் இப்பிழை சில வேளைகளில் மட்டுமே வெளிப்பட்டு, எளிதில் அகப்படாது.

ஸ்டார்மன் இயல்பாக 5 பணிச்செயலிகளோடு தொடங்கும். ஒரு செயலி பிடிக்கும் நினைவகத்தை அளந்து பார்த்த பின்னரே எண்ணிக்கையைக் கூட்டுங்கள். ஒன்று 80 எம்பி பிடித்தால், 10 செயலிகளுக்கு ஏறத்தாழ 800 எம்பி தேவைப்படும். மீதி தரவுத்தளத்துக்கும் இயங்குதளத்துக்கும் வேண்டும். மழைக்காலத்தில் மின்சாரம் போய் வந்தாலும் ஸ்டார்மன் தானாக எழும்படி லினக்ஸில் சேவைகளைத் தொடக்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் பதிந்துவிட்டு, மாத முடிவுக்கு முன்பே ஒருமுறை சேர்வரை நிறுத்தித் தொடங்கிப் பாருங்கள்.