யூசர் சர்வீஸ்களுக்கு ஒரு கீபோர்ட் மெனு: வாசகர் கேள்விகள்

கேள்வி: லினக்ஸில் ஒரு யூசர் சர்வீஸை (என் கணக்கில் பின்னணியில் ஓடும் நிரலை) ரீஸ்டார்ட் செய்ய ஒவ்வொரு முறையும் டெர்மினலைத் திறந்து நீளமாக டைப் செய்கிறேன். கீபோர்டிலேயே தேர்ந்தெடுக்கும் மெனுக்களைக் காட்டும் ரோஃபி செயலியில் இதை மெனுவாக வைக்க முடியுமா?

பதில்: தாராளமாக. சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்சிடிஎல் கட்டளை தரும் யூசர் சர்வீஸ் பட்டியலை, கொடுத்த வரிகளையே மெனுவாகக் காட்டும் ரோஃபியின் டிமெனு மோடுக்குப் பைப் செய்யுங்கள். தேர்ந்தெடுத்த வரியின் முதல் சொல்தான் சர்வீஸின் பெயர். அதை வைத்து இரண்டாவது மெனு: ஸ்டார்ட், ஸ்டாப், ரீஸ்டார்ட், லாக். பத்து வரி ஷெல் ஸ்கிரிப்ட் போதும். பெயரை மட்டும் வெட்டி எடுத்து மெனுவில் காட்டாதீர்கள். ஓடுகிறதா, ஃபெயில் ஆகிவிட்டதா என்ற நிலையும் பக்கத்திலேயே தெரியட்டும். நிலை தெரியாமல் எண்டர் தட்டுவதில்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன. லாக் என்றால், சர்வீஸின் பதிவுகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல்லை ஒரு டெர்மினலில் திறக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மெனு நன்றாக ஓடுகிறது. ஃபெயில் ஆன சர்வீஸைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் ஒன்றும் நடப்பதில்லை.

பதில்: அந்த வரியை உற்றுப் பாருங்கள். பெயருக்கு முன்னால் ஒரு சின்ன வட்டப் புள்ளி இருக்கும். உங்கள் ஸ்கிரிப்ட் அந்தப் புள்ளியையே பெயர் என்று எடுத்துக்கொள்கிறது. கட்டளையில் பிளெயின் ஆப்ஷனைச் சேர்த்தால் புள்ளி போய்விடும். கூடவே நோ-லெஜண்ட் சேர்த்தால் தலைப்பு வரியும் கடைசியில் வரும் விளக்கமும் போகும்.

கேள்வி: ஒலியைக் கையாளும் பைப்வயரை ஸ்டாப் செய்கிறேன், கொஞ்ச நேரத்தில் மறுபடி ஓடுகிறது!

பதில்: அதன் சாக்கெட், அதாவது செயலிகள் அந்தச் சர்வீஸைத் தொடர்புகொள்ளும் வாசல், விழித்திருக்கிறது. ஏதாவது ஒரு செயலி ஒலிக்காகக் கதவைத் தட்டியதும் சாக்கெட் சர்வீஸை எழுப்பிவிடும். இரண்டையும் சேர்த்தே நிறுத்த வேண்டும். மெனுவில் சாக்கெட் யூனிட்களையும் காட்டுவது நல்லது.

கேள்வி: கட்டளைக்கு முன்னால் சூடோ (ரூட் என்ற நிர்வாகியின் உரிமையில் ஓட்டுவது) சேர்க்க வேண்டுமா?

பதில்: கூடாது. சேர்த்தால் ரூட்டின் சர்வீஸ் மேனேஜரைத் தேடும். உங்கள் சர்வீஸ்கள் அங்கே இல்லை.

கேள்வி: கான்ஃபிக்கில் இருந்த பிழையைத் திருத்திவிட்டேன். ஆனாலும் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது.

பதில்: மாற்றியது யூனிட் ஃபைல் (சர்வீஸ் எப்படி ஓட வேண்டும் என்று சொல்லும் ஃபைல்) என்றால், அதை மறுபடி படிக்கவைக்க முதலில் டீமன்-ரீலோட். அப்படியும் மறுத்தால், இயல்பான அமைப்பில் 10 விநாடிக்குள் 5 முறைதான் ஸ்டார்ட் ஆக அனுமதி. விழுந்து விழுந்து எழுந்ததில் அந்த எண்ணிக்கை தீர்ந்திருக்கும். ரீசெட்-ஃபெயில்ட் கொடுத்தால் கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பும். என் மெனுவில் ரீஸ்டார்ட்டுக்கு அடுத்த வரியே இதுதான்.

கேள்வி: லாக்அவுட் செய்தால் எல்லாம் நின்றுவிடுகிறதே?

பதில்: லாகின்களைக் கையாளும் லாகின்சிடிஎல் கட்டளையில் எனேபிள்-லிங்கர் (லாக்அவுட்டுக்குப் பிறகும் ஓடவிடும் ஆப்ஷன்) ஒருமுறை கொடுங்கள், சரியாகிவிடும்.