கொம்பில்லாச் சுத்தியல் பொலிஸ் றிவோல்வரின் அடையாளமா?

நெடுங்கேணி வாசகர் ஒருவரின் அப்பப்பா பிரித்தானியர் காலத்துப் பொலிஸ் சார்ஜன்ட். அவருடைய நினைவாக, செயலிழக்கச் செய்யப்பட்ட றிவோல்வர் ஒன்றை இலண்டனில் உள்ள தமையன் வாங்கி ஊருக்கு அனுப்ப விரும்புகிறார். படத்தில் கிரீடமும் ‘என்ஃபீல்ட்’ என்ற பெயரும் 1934 என்ற ஆண்டும் தெரிகின்றன. தோட்டாவை வெடிக்கச் செய்ய அடிக்கும் பின்புற உறுப்பான சுத்தியலில், பெருவிரல் வைத்து இழுக்கும் கொம்பு இல்லை. பிரித்தானியத் துப்பாக்கி நிறுவனமான வெப்ளி பொலிசாருக்கென்றே செய்த அரிய றிவோல்வர் என்று கூறித் தரகர் இரட்டிப்பு விலை கேட்கிறாராம்.

அது வெப்ளி அன்று. 1932இல் பிரித்தானிய இராணுவம் ஏற்றுக்கொண்ட என்ஃபீல்ட் இரண்டாம் இலக்க றிவோல்வர் அது. வெப்ளி நிறுவனத்தின் வடிவமைப்பைத் தழுவியே என்ஃபீல்ட் அரசு தொழிற்சாலை அதை உருவாக்கியதால் இரண்டும் உடன்பிறப்புகள் போலத் தோன்றும். இந்த ஒற்றுமையை வைத்தே தரகர்கள் பிழைக்கிறார்கள்.

‘1934இல் கொம்பில்லாத மாதிரியே இருக்கவில்லையே, இது போலியா?’ என்று நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. கொம்பில்லாத மாதிரி 1938இல்தான் வந்தது என்பது உண்மை. ஆனால் அதற்கு முந்திய துப்பாக்கிகள் பழுதுபார்க்க வந்தபோது, பெரும்பாலானவற்றின் கொம்பை நீக்கிப் புதிய மாதிரியாக மாற்றினார்கள். பிறந்த ஆண்டு பொறித்தபடியே இருக்கும், மாதிரி மட்டும் மாறிவிடும். ஆகவே வலப்பக்கத்தில் மாதிரி எண்ணை அடுத்து நட்சத்திரக் குறி உள்ளதா என்று பாருங்கள். இருந்தால் அது முறையாக மாற்றப்பட்ட இராணுவத் துப்பாக்கி. குறியும் இல்லை, கொம்பும் இல்லை என்றால், யாரோ அரத்தால் தேய்த்திருக்கிறார்களா என்று சந்தேகியுங்கள். எப்படியாயினும் கொம்பின்மை பொலிசாரின் அடையாளம் ஆகாது.

‘பொலிஸ்’ என்ற எழுத்தே பொறித்திருந்தாலும் உடனே நம்பிவிடாதீர்கள். பழைய பொறிப்பின் பள்ளத்திலும் மேற்பரப்பிலும் ஒரே நிறம் படிந்திருக்கும். அண்மையில் அடித்த பொறிப்பு பளிச்சென்று தெரியும், விளிம்பில் உலோகம் மேலெழுந்திருக்கும். சிங்கப்பூர்ப் பொலிசாரின் வெப்ளி நான்காம் மாதிரியில் பாதுகாப்புத் தாழ்ப்பாள் இருந்தது. இப்படிக் கண்ணால் காணக்கூடிய வேறுபாடு ஒன்றைக் காட்டாமல் கதை மட்டும் சொல்பவருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

அனுப்புவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். செயலிழக்கச் செய்ததற்கான பிரித்தானியச் சான்றிதழ் அங்குள்ள சட்டத்துக்கு மட்டுமே உரியது. இங்கு 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. றிவோல்வருக்கான அனுமதி பாதுகாப்பு அமைச்சின் கையில் உள்ளது. வன்னியில் இருந்துகொண்டு எழுத்தில் ஒரு தெளிவான பதிலைப் பெறுவதற்கு மாதக்கணக்காக அலைய வேண்டியிருப்பது வெட்கக்கேடு. ஆயினும் அப்பதில் கைக்கு வருமுன் பொதி புறப்படக் கூடாது. ‘சுங்கத்தில் பார்த்துக்கொள்ளலாம்’ என்னும் அனுப்புமுகவரை அணுகவே வேண்டாம். போர் நடந்த மண்ணில் வீட்டு அலுமாரிக்குள் ஒரு றிவோல்வர் இருந்தால், அது சுடாது என்று விளக்க உங்களுக்கு அவகாசம் கிடைக்காது.

வலப்பக்கப் பொறிப்பைப் பகல் வெளிச்சத்தில் அருகில் வைத்து எடுத்த படத்தைத் தரகரிடம் கேட்கும்படி தமையனாரிடம் சொல்லுங்கள். அது வரும்வரை முற்பணமும் கொடுக்க வேண்டாம்.