பொண்ணு காட்டுல ஆராய்ச்சி பண்ணப் போறேங்குறா, விடலாமா?

வணக்கம் மேடம், உங்க மெசேஜ முழுசா படிச்சேன். பயாலஜி கடைசி வருஷத்துல திடீர்னு மழைக்காட்டு ஆராய்ச்சின்னு ஒத்தக்கால்ல நிக்கிறா, புலி ஃபோட்டோ பாத்து மயங்கிட்டாளோன்னு பயப்படுறீங்க. பயம் நியாயந்தான், ஏன்னா இந்த வேலைல தினமும் பாக்குறது மரமும் தவளையும் எக்செல் ஷீட்டுந்தான்.

பனாமால பாரோ கொலராடோன்னு ஒரு தீவு, அங்க 50 ஹெக்டேர்ல ஒரு செ.மீ. தடிமன் இருக்குற கன்னுலேந்து பெரிய மரம் வரைக்கும் நம்பர் தட்டு மாட்டி 1980கள்லேந்து அளந்துட்டு இருக்காங்க, ரெண்டு லட்சம் மரத்துக்கும் மேல. 1.3 மீட்டர் உயரத்துல டேப்ப சுத்தணும், பலகை வேர் (அடிமரத்துலேந்து பலகை மாதிரி வெளிய நீட்டிட்டு இருக்குற வேர்) இருந்தா ஏணி போட்டு அதுக்கு மேல அளந்து, அந்த எடத்துல பெயிண்ட்ல கோடு போடணும், இல்லாட்டி அஞ்சு வருஷம் கழிச்சு வர்றவங்க வேற எடத்துல அளப்பாங்க, மரம் எளச்சுப் போச்சுன்னு டேட்டா சொல்லும்!

எதுக்கு இவ்ளோ மெனக்கெடல்னா, வெப்பமண்டலத்துல வருஷம் பூரா சூடு பெருசா மாறாது, அதனால அங்க இருக்குற பூச்சி, பல்லி, தவளைல பலதுக்கும் சூடு தாங்குற வரம்பு குறுகல், சூடு ஏறுனா குளிர்ச்சி தேடி மலை மேல நகரணும், உச்சில இருக்குறது எங்க போகும்? கோஸ்டா ரிக்கால தங்கத் தேரைய 1989க்கு அப்புறம் யாரும் பாக்கல, பூஞ்சை நோயா வறட்சியான்னு விவாதம் இன்னும் முடியல. பழைய அளவு கைல இருந்தாத்தான் இந்த மாதிரி கேள்விக்கு பதில் வரும்.

மாஸ்டர்ஸ்க்கு பணம் கட்டுறதுக்கு முன்னாடி காட்டுலயே தங்கிக் கத்துக்குற ஒரு ஃபீல்டு கோர்ஸ் போகட்டும். 1963லேந்து இருக்குற ஆர்கனைசேஷன் ஃபார் ட்ராபிகல் ஸ்டடீஸ், ஒரு மாச கோர்ஸ் நடத்துற ட்ராபிகல் பயாலஜி அசோசியேஷன், இந்த ரெண்டும் பாருங்க. அட்டையும் மழையுமா ஒரு மாசம் இருந்தா அவளுக்கே தெரிஞ்சிரும். கூடவே புள்ளியியலும் ஆர் (R) புரோக்ராமிங்கும் (புள்ளியியல் கணக்கு போடுற கம்ப்யூட்டர் மொழி) கட்டாயம், இதுல கோட்டை விட்டவங்கதான் பின்னாடி முழிக்கிறாங்க.

சம்பளம்? மறைக்க மாட்டேன், ஆரம்பத்துல ப்ராஜெக்ட் முடிஞ்சா வேலையும் முடியும், நடுவுல சும்மா இருக்குற மாசமும் வரும். ஜிஐஎஸ் (கம்ப்யூட்டர்ல மேப் போட்டு அலசுறது), சாட்டிலைட் படம் படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு இந்த இடைவெளி கம்மி. பாதுகாப்புக்கு, தனியா காட்டுக்குள்ள அனுப்புவாங்களா, பாம்பு கடிச்சா ஆஸ்பத்திரிக்கு எவ்ளோ நேரம், ஏதாவது தப்பு நடந்தா யார்கிட்ட சொல்லணும், இந்த மூணையும் முன்னாடியே எழுத்துல கேளுங்க.

இப்போதைக்கு ஏதாவது ஒரே ஒரு மரத்துல துளிர், பூ, காய் எப்ப வருதுன்னு மூணு மாசம் வாரா வாரம் குறிச்சு வைக்கச் சொல்லுங்க. பாதில விட்டுட்டா எனக்கு எழுதுங்க, வேற கோர்ஸ் பேசலாம். விடலேன்னா அந்த நோட்டயே அப்ளிகேஷனோட சேத்து அனுப்பலாம்.