கணினி கேள்வி-பதில்: ஒரு விலை மாறினால் முழு மரத்தையும் சேமிக்கணுமா?

கேள்வி: எங்கள் கடைகளின் பொருள் பட்டியல், பிரிவு, உட்பிரிவு, பொருள் என்று மரமாக இருக்கிறது. பழைய நிலைக்குத் திரும்ப வசதியாக, ஒரு விலை மாறினாலும் முழு மரத்தையும் ஜேசன் (JSON) என்ற தரவு வடிவக் கோப்பாகச் சேமிக்கிறோம். டிஸ்க் நிரம்பி வழிகிறது. மாற்றங்களை மட்டும் எழுதி வைத்தால் போதாதா?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: இடம் மிச்சமாகும். ஆனால் போன தீபாவளிக்கு முந்தின நாள் பட்டியலை முதலாளி கேட்டால், ஆரம்பத்திலிருந்து எல்லா மாற்றங்களையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். எனக்கு அது சரிப்படாது.

மாறிய பொருளிலிருந்து மரத்தின் உச்சியான வேர் வரை உள்ள பாதையை மட்டும் நகலெடுங்கள். ஐந்து லிட்டர் குக்கரின் விலை மாறுகிறதா? அந்தப் பொருள், அதற்கு மேலே 'குக்கர்', அதற்கும் மேலே 'பாத்திரங்கள்', கடைசியாக வேர். மரத்தின் ஒவ்வொரு பதிவும் ஒரு கணு. இந்த நான்கு கணுக்களுக்குத்தான் புது நகல். மளிகைக்கும் துணிக்கும் புது வேரும் பழைய கணுக்களையே காட்டும். பழைய வேரைப் பிடித்துப் போனால் பழைய பட்டியல் அப்படியே இருக்கும். ஒரே நிபந்தனை, எழுதிய கணுவை அப்புறம் யாரும் திருத்தக் கூடாது. பத்து லட்சம் கணுக்கள் உள்ள சமநிலை இருகிளை மரத்திலேயே உயரம் சுமார் 20தான், அதாவது ஒரு மாற்றத்துக்குச் சுமார் 20 நகல்கள் போதும்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் தொடங்கிய, நிரல்களின் பதிப்புகளைக் காக்கும் கிட் (Git) மென்பொருளும் இப்படித்தான் நடக்கிறது. அதில் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளக் குறியான ஹாஷ்தான் கணுவின் பெயர். இரண்டு பதிப்புகளை ஒப்பிடும்போது ஒரு ஃபோல்டரின் ஹாஷ் ஒன்றாக இருந்தால், அதற்குள் நுழையவே வேண்டாம்.

பலரும் மாட்டிக்கொள்வது பெற்றோர் பாயின்டரில், அதாவது ஒரு கணு தனக்கு மேலே உள்ள கணுவைக் காட்டும் குறிப்பில். 'பாத்திரங்கள்' புதிதானதும் அதன் பிள்ளைகள் எல்லாம் பழைய பெற்றோரையே காட்டும். அதைச் சரிசெய்யப் பிள்ளைகளுக்கு நகல், அப்புறம் பேரப்பிள்ளைகளுக்கு... முழு மரமும் மறுபடி டிஸ்க்கில்! அந்த பாயின்டரைத் தூக்கிவிடுங்கள். வேரிலிருந்து இறங்கும்போதே வந்த வழியைக் குறித்துக்கொண்டால் போதும். மளிகைக்குக் கீழே 3,000 பொருட்களை ஒரே பட்டியலாக வைத்தாலும் வீண்தான். ஒரு விலைக்காக 3,000 பாயின்டர்களும் நகலாகும். க்ளோஜர் என்ற நிரல்மொழி ஒரு கணுவுக்கு 32 கிளை வரைதான் வைக்கிறது. நீங்களும் நடுவில் ஒரு மட்டம் சேருங்கள்.

ட்ரிஸ்கால், சார்னாக், ஸ்லீட்டர், டார்ஜன் என்ற கணினி அறிஞர்கள் நால்வரும் 1989-ல் வெளியிட்ட கட்டுரையில் பழைய பதிப்புகளைக் காக்க இன்னும் சிக்கனமான வழி உண்டு. கடைப் பட்டியலுக்கு அத்தனை பாடு தேவையில்லை.

பழைய பதிப்பு வேண்டாமென்றால் அதன் வேரை மட்டும் நீக்குங்கள். கணுக்களில் உடனே கைவைக்காதீர்கள், வேறு பதிப்புகளும் அவற்றைப் பயன்படுத்தலாம். மீதி வேர்களிலிருந்து எட்ட முடியாதவற்றை ராத்திரி ஒரு நிரல் ஓட்டிக் கழித்துவிடலாம்.