மின்விசை, வெப்பவிரிவு: கணக்குகளில் கேட்டவையும் பதில்களும்

தேவகோட்டை மாணவி: ஐயா, +2, −3 மைக்ரோகூலூம் மின்னூட்டங்கள் வெற்றிடத்தில் 30 செ.மீ. இடைவெளியில் இருக்கின்றன. எனக்கு விசை −0.00006 நியூட்டன் வருகிறது. விடை 0.6 என்கிறார்கள். எங்கே பிசகினேன்?

பதில்: இரண்டு இடங்களில், அம்மா. 30 செ.மீ.யை 0.3 மீட்டராக்காமல் அப்படியே போட்டுவிட்டீர்கள். தொலைவை இருமடியாக்கி வகுக்கிறோம். அதனால் 100 மடங்குப் பிழை 10,000 மடங்காகிவிட்டது. கூலூம் விதியின் மாறிலி 9 × 10⁹, மின்னூட்டங்களின் பெருக்கற்பலன் 6 × 10⁻¹². இரண்டையும் பெருக்கி, தொலைவின் இருமடியான 0.09 ஆல் வகுத்துப் பாருங்கள், 0.6 வரும். அடுத்தது அந்த மைனஸ். அதைக் கணக்குக்குள் இழுக்க வேண்டாம். அளவை மட்டும் கண்டுபிடித்து, ‘எதிரெதிர் மின்னூட்டம், ஆகவே ஈர்ப்பு’ என்று எழுதிப் படத்தில் அம்புக்குறி போடுங்கள். மூன்று மின்னூட்டங்கள் வரும் கணக்கில் குறியை நம்பினால் திசை நிச்சயம் குழம்பும், படம் காப்பாற்றும்.

காரைக்குடி மாணவர்: +1, +4 மைக்ரோகூலூம், நடுவே 30 செ.மீ. மூன்றாவது மின்னூட்டத்தின் மீது விசை எங்கே சுழியாகும்?

பதில்: சிறியதிலிருந்து 10 செ.மீ.யில். நான்கு மடங்கு மின்னூட்டத்துக்கு இரு மடங்கு தொலைவு. இங்கே விகிதம்தான் வருகிறது, செ.மீ.யிலேயே போடலாம்.

கானாடுகாத்தான் மாணவி: எங்கள் வீட்டு வளவில் 6 மீட்டர் இரும்பு உத்தரம் இருக்கிறது. 20 டிகிரி சூடேறினால் எவ்வளவு நீளும்? கெல்வினுக்கு மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். வெப்பநிலை வேறுபாடு செல்சியஸ், கெல்வின் இரண்டிலும் ஒன்றே. இரும்பின் நீள்விரிவுக் குணகம், அதாவது ஒரு மீட்டர் இரும்பு ஒரு டிகிரிக்கு எத்தனை மீட்டர் நீளும் என்பது, 12 × 10⁻⁶. நீட்சி 1.44 மி.மீ.

பள்ளத்தூர் மாணவர்: வளையத்தைச் சூடாக்கினால் உலோகம் உள்பக்கமும் விரியும். அப்போது துளை சுருங்கத்தானே வேண்டும்?

பதில்: இல்லை தம்பி, துளையும் பெரிதாகும். தகட்டில் ஒரு வட்டம் வரைந்து சூடாக்குவதாக நினையுங்கள்; தகட்டோடு வட்டமும் விரிகிறது. அதை வெட்டி எடுத்தாலும் மிஞ்சும் ஓட்டை அதே அளவுதான். சிறுவயதில் வண்டிப் பட்டறையில் இதைக் கண்ணால் பார்த்தேன். இரும்புப் பட்டையைச் சுற்றி வறட்டி அடுக்கித் தீ மூட்டுவார்கள். சிவக்கக் காய்ந்ததும் இடுக்கியால் தூக்கி மரச் சக்கரத்தில் இறக்கி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டை சுருங்கும்போது ஆரக்கால்கள் நறநறவென்று இறுகும். சக்கரத்தின் விட்டம் 1.5 மீட்டர், பட்டையின் உள்விட்டம் 6 மி.மீ. குறைவு என்று வைத்துக் கணக்கைப் போடுங்கள்.

பள்ளத்தூர் மாணவர்: போட்டேன் ஐயா. 0.006 ஐ 1.494 × 12 × 10⁻⁶ ஆல் வகுத்தால் ஏறத்தாழ 335. பட்டையை 335 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும், சரிதானே?

பதில்: 335 என்பது ஏற்றம் மட்டுமே. பட்டறையில் 30 டிகிரி இருந்தால் பட்டை 365 டிகிரியை எட்ட வேண்டும்.